பனிச்சறுக்குப் போட்டி பார்க்கப் போனோம்

பிள்ளைகளே,

டென்மார்க்கில் மலை இல்லை. இதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. "ஹிம்மெல்பியேர்யெட் இருக்குதே!" என்று சிலர் கை தூக்குவீர்கள். அதன் பெயருக்கு 'வான மலை' என்று அர்த்தம். உயரமோ 147 மீற்றர். நாட்டிலேயே மிக உயரமான இயற்கை மேடு மொல்லஹொய். அது 171 மீற்றர்கூட இல்லை. ஒரு பண்ணைக்குப் பக்கத்தில், மலை என்று யாரும் நினைக்காத மாதிரி இருக்கிறது. இலங்கையில் உள்ள பிதுருதலாகல மலை 2524 மீற்றர். என் அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"மலை இருக்கிற நாட்டில ஸ்னோ இல்லை. ஸ்னோ இருக்கிற நாட்டில மலை இல்லை. நாங்கள் ரெண்டு இடத்திலயும் இருந்து பாத்திட்டம்."

ஆகவே, மலைப் பக்கம் நடக்கும் பனிச்சறுக்குப் போட்டி ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால், நாங்கள் சுவீடனுக்குத்தான் போக வேண்டும். போனோம். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இதில் எழுதுகிறேன்.

ஆசையைத் தொடக்கி வைத்தவள் என் மூத்த மகள். அவள் நாலாம் வகுப்பில் இருந்தபோது, ஆசிரியர் வகுப்பு முழுவதையும் கலோ கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். உங்களிலும் பலர் போயிருப்பீர்கள். ஓகூஸ் நகரத்துக்கு வடகிழக்கே, கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சின்னத் தீவு. கல் பதித்த நீளமான பாதையில் நடந்து போனால், கடைசியில் இடிந்த செங்கல் கோபுரம் ஒன்று நிற்கும். 500 வருடங்களுக்கு முன்பு சுவீடன் இளைஞன் ஒருவன் அங்கே கைதியாக இருந்தான். பெயர் குஸ்தாவ் வாசா. 1519ஆம் ஆண்டு அவன் மாடு ஓட்டிக்கொண்டு போகிறவனைப் போல வேடம் போட்டுத் தப்பி, ஜெர்மனியில் உள்ள லூபெக் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

ஆசிரியர் அதோடு கதையை நிறுத்திவிட்டார். மகள் விடவில்லை. மிச்சக் கதையைத் தேடினாள். தேடிய இடத்தில்தான் அந்தப் போட்டி அவளுக்குக் கிடைத்தது. அதன் பெயர் 'வாசலோப்பெத்'. வாசாவின் ஓட்டம் என்று அர்த்தம். அப்பா அதை முதல்முறை கேட்டபோது, "என்ன, வாசல் ஓட்டமோ?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது 'வாசல் ஓட்டம்'தான்.

ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, சேலன் என்ற மலைப் பகுதியிலிருந்து மூரா என்ற ஊர் வரை 90 கிலோமீற்றர் தூரம் பனியில் சறுக்கிக்கொண்டு போகிறார்கள். ஹேர்னிங்கிலிருந்து ஓகூஸுக்குக் காரில் போகிற தூரம் கிட்டத்தட்ட அவ்வளவு. அதைக் காலில் இரண்டு பலகை, கையில் இரண்டு கோல் வைத்துக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள். முதல் போட்டி 1922இல் நடந்தது. அன்று ஓடியவர்கள் 119 பேர். வென்றவர் எர்ன்ஸ்ட் ஆல்ம். ஏழரை மணித்தியாலம் எடுத்தார். இப்போது ஒரே நாளில் ஏறக்குறைய 15,800 பேர் போகிறார்கள். 2021இல் வென்றவருக்கு மூன்றரை மணித்தியாலம்கூடத் தேவைப்படவில்லை.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவதுதான் பெரிய பாடாக இருந்தது. அவர் பல வருடம் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். "நான் பாத்த குளிர் காணும். காசு குடுத்துக் குளிருக்குள்ள போறதோ?" என்று கேட்டார். சின்னவனுக்கு ஏழு வயது. அவன் போய் அவர் மடியில் ஏறி, "அப்பப்பா வராட்டி நானும் போகேல்லை" என்றான். அவ்வளவுதான். அடுத்த நாள் அப்பா தன் பழைய வேலைச் சப்பாத்தைத் தேடி எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஃபிரெடெரிக்ஸ்ஹவ்னில் கப்பல் ஏறி கோத்தன்பர்க்கில் இறங்கினோம். அங்கிருந்து வடக்கே நாள் முழுவதும் கார் ஓட்டம். பாதையின் இரண்டு பக்கமும் காடு, காடு, காடு. வேறு ஒன்றும் சொல்ல இல்லை. ஒரு மரவீட்டில் தங்கினோம். ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பியபோது வெளியே மைனஸ் 11 பாகை.

நாங்கள் போய் நின்ற இடம் எவட்ஸ்பெரி. அது காட்டுக்கு நடுவே உள்ள ஒரு சின்னக் கிராமம். ஓட்டத்தில் பாதித் தூரம் முடியும் இடம் அதுதான். போட்டி காலை எட்டு மணிக்குச் சேலனில் தொடங்கும். பத்து மணிக்கு முன்பே முதல் ஆட்கள் எவட்ஸ்பெரியைத் தாண்டிவிடுவார்கள் என்று மகள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

பனியில் சோடி சோடியாக ஒடுக்கமான பள்ளங்கள் போட்டிருந்தார்கள். அவை நேராகக் காட்டுக்குள் ஓடின. பலகைகள் வழிமாறாமல் போவதற்கு இயந்திரத்தால் போடும் தடங்கள் அவை. அப்பா குனிந்து பார்த்தார்.

"இது எங்கட வண்டில் தடம்."

"வண்டில் எண்டா என்ன அப்பப்பா?"

"மாடு இழுக்கிற வண்டில். மழை பெஞ்சு காஞ்சாப் பிறகு ஒழுங்கையில தடம் இப்பிடித்தான் கிடக்கும். சைக்கிள் சில்லு அதுக்குள்ள விழுந்துதெண்டா வெளியில எடுக்க ஏலாது. அது போற இடத்துக்கு நீ போகவேண்டியதுதான்."

அப்போது காட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் எனக்கு மழைச் சத்தம் போல இருந்தது. பிறகு 'டக், டக், டக்' என்று கோல்கள் பனியில் குத்தும் சத்தம் தெளிவாகக் கேட்டது. திருப்பத்தில் முதல் கூட்டம் தெரிந்தது. தெரிந்த மாதிரியே போய்விட்டது! சின்னவன் மூக்குத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் எல்லோரும் எங்களைத் தாண்டிவிட்டார்கள்.

"இவை காலைப் பாவிக்கேல்லையே!" என்றார் அப்பா. அவர் சொன்னது சரி. முன்னால் போகிறவர்கள் இரண்டு கோலையும் ஒன்றாகக் குத்தி, இடுப்பை மடித்து, கையாலும் வயிற்றாலும் தள்ளித்தான் 90 கிலோமீற்றரும் போகிறார்கள். பலகையின் அடியில் பூசும் மெழுகில் இரண்டு வகை உண்டு. ஒன்று வழுக்குவதற்கு. மற்றது, கால் ஊன்றும் இடத்தில் பனியைப் பிடிப்பதற்கு. அது இல்லாமல் மேட்டில் நடந்து ஏற முடியாது, பின்னுக்கு வழுக்கும். ஆனால் அந்த இரண்டாவது மெழுகு வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆகவே பெரிய வீரர்கள் அதைப் பூசுவதே இல்லை. மேடு வந்தாலும் கையை நம்பித்தான் ஏறுகிறார்கள். எங்களைப் போன்ற ஆட்கள் பூசித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு விஷயம். ஒவ்வொருவருடைய காலிலும் ஒரு சின்ன மின்சில்லு கட்டியிருக்கும். அவர்கள் கடந்து போன நேரம் உடனே கைப்பேசியில் வந்துவிடும். நான் கணினி வேலை செய்கிறவன். பனியை விட்டுவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மகள் என் கையை இடித்து, "அப்பா, அங்க பாருங்கோ, பொம்பிளையள் வருகினம்!" என்றாள்.

பெண்கள் வருவதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். 1923இல், அதாவது இரண்டாவது வருடமே, மார்கிட் நோர்டின் என்ற பெண் இந்த 90 கிலோமீற்றரையும் முடித்தார். அடுத்த வருடம், 1924இல், பெண்கள் ஓடக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். பிறகு 1981இல்தான் மறுபடி விட்டார்கள். இடையில் சில பெண்கள் ஆண் வேடம் போட்டு ஓடினார்களாம்.

"57 வருசம்!" என்று மகள் கோபப்பட்டாள்.

"அந்தக் காலம் அப்பிடி, பிள்ளை."

"காலம் இல்லை அப்பப்பா. ஆக்கள்!"

அப்பா பதில் சொல்லவில்லை. தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டார்.

வேகமான ஆட்கள் போன பிறகுதான் உண்மையான கூட்டம் வந்தது. ஆயிரம், இரண்டாயிரம், எண்ண முடியாது. வயதானவர்கள், மெலிந்தவர்கள், தொந்தி உள்ளவர்கள், மீசையில் பனி உறைந்தவர்கள். மேசைகளில் வைத்து எல்லோருக்கும் சூடான புளூபெரி சூப் கொடுத்தார்கள். ஊதா நிறத்தில், இனிப்பாக இருக்கும். குடித்துவிட்டு, வாயெல்லாம் ஊதாவாக மறுபடி தடத்தில் இறங்கிப் போனார்கள். சுவீடன் ஆட்கள் "ஹெய்யா! ஹெய்யா!" என்று கத்தினார்கள். நாங்கள் முதலில் டெனிஷில் "கொம் சோ!" என்று கத்தினோம். கொஞ்ச நேரத்தில் அப்பா தமிழில் தொடங்கிவிட்டார்: "விடாதை தம்பி! விடாதை! அந்தா, சூப் தெரியுது!" ஒருவர் திரும்பிப் பார்த்துக் கோலை உயர்த்திக் காட்டினார்.

நாங்கள் கட்டிக்கொண்டு வந்த மீன் றோல்ஸ் கல்லு மாதிரி உறைந்திருந்தது. சின்னவன் ஒன்றை எடுத்துச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினான். இஞ்சித் தேத்தண்ணி மட்டும் பிளாஸ்க்கில் நல்ல சூடாக இருந்தது.

சாப்பிடும்போது மகள் அப்பப்பாவுக்கு மிச்சக் கதையைச் சொன்னாள். அவள் தமிழில்தான் சொன்னாள். இடையிடையே டெனிஷ் சொல் வந்து விழுந்தது. பரவாயில்லை, உங்களுக்கும் எனக்கும் அப்படித்தானே?

"1520இல டெனிஷ் ராசா கிறிஸ்தியான் ஸ்டொக்ஹோமைப் பிடிச்சிட்டார். பிறகு 80 பேருக்கு மேல கொண்டுபோட்டார். குஸ்தாவ்வின்ர அப்பாவையும்."

"எங்கட ராசாவோ?" என்று கேட்டான் சின்னவன்.

"ஓம், எங்கட ராசாதான். குஸ்தாவ் ஓடி ஒளிச்சு இந்தப் பக்கம் வந்தவர். மூராச் சனத்திட்ட, 'வாங்கோ, ராசாவோட சண்டை பிடிப்பம்' எண்டு கேட்டவர். அவை மாட்டம் எண்டிட்டினம். அவர் நோர்வேக்குப் போக வெளிக்கிட்டார். அவர் அப்ப ஒரு... ஒரு ஃப்ளுக்னிங். அப்பப்பா, ஃப்ளுக்னிங் எண்டா தமிழில என்ன?"

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "அகதி" என்றார்.

"அகதி. அவர் போனாப் பிறகுதான் ஸ்டொக்ஹோமில நடந்தது மூராச் சனத்துக்கு வடிவாத் தெரிய வந்தது. உடன ரெண்டு பேரை ஸ்கீயில அவருக்குப் பின்னால அனுப்பினவை."

"என்னத்துக்கு? பிடிச்சுக் குடுக்கவோ?"

"இல்லை அப்பப்பா! திரும்பி வாங்கோ எண்டு கூப்பிட. சேலன்ல வைச்சுப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தவை. 1523இல அவர் சுவீடனுக்கு ராசா ஆகிட்டார்."

அப்பா தடத்தைக் கையால் காட்டினார். "அப்ப, அவர் ஓடினது அங்கால போற பாதை. இவை ஓடுறது திரும்பி வாற பாதை."

"ஓம்."

"கூப்பிட ஆள் அனுப்பினவை எண்டு சொல்லு" என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

மத்தியானம் தாண்டியதும் கூட்டம் குறைந்தது. அதன் பிறகு நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். போட்டி நடத்துகிறவர்கள் இரண்டு பேர் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து தடத்தின் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நேரம் குறித்திருக்கிறது. அந்த நேரத்துக்குப் பிந்தி வருகிறவரை மேலே விடமாட்டார்கள். இருட்டிவிட்டால் காட்டுக்குள் ஆபத்து. ஆகவே பிந்தியவர்களைப் பஸ்ஸில் ஏற்றி மூராவுக்கு அனுப்புவார்கள். சரியான நேரம் வந்தவுடன் கயிற்றைத் தடத்துக்குக் குறுக்கே இழுத்துப் பிடிப்பார்கள்.

கடைசி நிமிடம். ஒருவர் தள்ளாடிக்கொண்டு வந்தார். எல்லோரும் கத்தினோம். அப்பாவின் குரல்தான் பெரிதாகக் கேட்டது: "வா தம்பி, வா, வா, இன்னும் கொஞ்சம்!" அவர் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் கயிறு இறுகியது.

அரை நிமிடம்கூட இருக்காது. ஒரு அம்மா வந்தா. தொப்பிக்குக் கீழே நரைத்த முடி தெரிந்தது. கயிற்றைக் கண்டதும் நின்றா. ஒருவரோடும் சண்டை பிடிக்கவில்லை. இரண்டு கோலிலும் நெஞ்சை வைத்துச் சாய்ந்துகொண்டு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் போகும் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றா.

"பாவம்" என்றாள் மகள்.

"எனக்கும் இப்பிடி ஒரு கயிறு போட்டவை" என்றார் அப்பா.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் பிள்ளைகளுக்குத்தான் சொன்னார், எனக்கு இல்லை. 1986இல் அவர் தனியாக வந்தார். மொஸ்கோ, பிறகு கிழக்கு பெர்லின், அங்கிருந்து ரயில், பிறகு கப்பலில் கெட்ஸர். அப்போது நான் அம்மாவின் வயிற்றுக்குள். அகதி என்று ஏற்றுக்கொண்டு அவருக்கு டென்மார்க்கில் இருக்க அனுமதி கொடுத்தார்கள். மனைவியும் பிள்ளையும் வரலாம் என்று சட்டம் இருந்தது. அவரும் விண்ணப்பம் போட்டார்.

"எனக்கு முதல் போட்ட ஆக்களின்ர குடும்பங்கள் வந்திட்டுது. என்ர முறை வரேக்க கயிறு. ஏன் எண்டு சொல்ல ஆளில்லை. கடதாசி மேசையில கிடந்தது. ரெண்டு வருசம்."

இதை நான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். பெரிய வகுப்புக்குப் போகும்போது நீங்களும் படிப்பீர்கள். டெனிஷில் அதற்கு 'தமிழர் வழக்கு' என்று பெயர். 1987இல் ஒரு அமைச்சர் தமிழ் அகதிகளுடைய குடும்பங்களின் விண்ணப்பங்களை நிறுத்தி வைக்கச் செய்தார். அது சட்டத்துக்கு மாறானது. அந்த விஷயத்தால் 1993 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது. 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்தது. அந்தப் பாடம் நடந்த அன்று வகுப்பில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். "அது பழைய கதை, போய்ப் படி" என்றார். அதோடு சரி. பிறகு நானும் கேட்கவில்லை. எவட்ஸ்பெரியில், மைனஸ் 11 பாகையில், ஒரு கயிற்றைப் பார்த்துத்தான் அவர் வாய் திறந்தார்.

"பிறகு அப்பப்பா?" என்றான் சின்னவன்.

"பிறகு வந்தவை. உன்ர அப்பாவுக்கு ரெண்டு வயசு. விமான நிலையத்தில நான் தூக்கினன். என்னைப் பாத்து வீரிட்டு அழுதவர். ஆரோ பிடிச்சுக்கொண்டு போறாங்கள் எண்டு நினைச்சிருப்பார்."

பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அது ஒன்றும் ஞாபகம் இல்லை. என்ன செய்வது?

அப்பா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நடந்து போனார். கயிற்றடியில் அந்த அம்மாவிடம் போய், கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். சின்னவன் ஓடிப்போய்த் தன் சட்டைக்குள் இருந்த றோல்ஸைக் கொடுத்தான். அவ சுவீடிஷில் ஏதோ சொன்னா. அப்பா டெனிஷில் ஏதோ சொன்னார். தலையை ஆட்டிக்கொண்டார்கள். அவ ஒரு கடி கடித்து, இருமி, கண்ணைத் துடைத்துவிட்டு, பிறகு முழுவதையும் சாப்பிட்டா. பஸ் வந்தது. பலகையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டா.

"அவ அழுதவவோ?" என்று மகள் கேட்டாள்.

"இல்லை. உறைப்பு. 'உள்ள என்ன?' எண்டு கேட்டவ. 'ஃபிஸ்க்' எண்டன். மீனுக்கு ரெண்டு பாஷையிலயும் ஒரே சொல்லுதானே."

"பேர் என்னவாம்?"

"கேக்க மறந்திட்டன்."

இரவு காரில் மரவீட்டுக்குத் திரும்பினோம். பிள்ளைகள் இரண்டு பேரும் பின்னால் நித்திரை. வெளியே ஒரே இருட்டு. அப்பா முன்சீட்டில் காலுறையைக் கழற்றி, சூட்டுக் காற்று வரும் இடத்தில் பிடித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உன்ர ஃபோனில பார். கடைசி ஆள் மூராவுக்கு வந்திட்டாரோ?"

காரை ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். இன்னும் சிலர் காட்டுக்குள் வந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னும் இல்லை அப்பா."

"சரி. வந்தாச் சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் நித்திரை கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை, "வந்திட்டாரோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.